முருகனே திருத்தினான், உங்களுக்கு என்ன தயக்கம்?

“திருத்தினா உசுரு பூடும் சார்.”

ஆரணியில் இந்த ஒரு வருஷத்துக்குள் இதை எத்தனை பேர் வாயால் கேட்டுவிட்டேன் என்று கணக்கில்லை. கல்லூரி முடித்த பையன் சொல்கிறான். அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறவர் சொல்கிறார். தறியை விட்டுவிட்டு மெடிக்கல் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்த தம்பி சொல்கிறான். கையெழுத்துப் பிரதியைக் கொடுத்து, “படிச்சுப் பாத்து சொல்லுங்க” என்பார்கள். படித்துவிட்டு, தொடக்கத்தை மாற்றிப் பாருங்கள், நாலாம் பக்கம் கதைக்குத் தேவையில்லை என்று சொன்னால் முகம் வாடிவிடும். “ராத்திரி பத்து மணிக்கு ஒக்காந்தேன் சார். விடியறதுக்குள்ள முடிச்சிட்டேன். தானா வந்துச்சு. இதுல கை வெச்சா...” அப்புறம் அந்த வாக்கியம்.

நெசவு வீட்டில் பிறந்தவன் நான். இருபத்தெட்டு வருஷம் சென்னையில் பத்திரிகைகளுக்கும் பதிப்பகங்களுக்கும் மெய்ப்புத் திருத்திவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன். அச்சேறிய கதைகளைவிட அச்சேறாத கதைகளைத்தான் அதிகம் படித்திருக்கிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன்: ஒரே ராத்திரியில், ஒரே மூச்சில் எழுதி, ஒரு வரிகூட அடிக்காமல் வந்த கதைகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். வெளியே மழை பெய்யும். ஒருவன் ஜன்னல் வழியே வெறித்துப் பார்ப்பான். நடுவில் பழைய காதல் வரும். கடைசியில் ஒரு சாவு, அல்லது ஒரு கடிதம். எழுதியவர் ஆரணியா, அருப்புக்கோட்டையா என்று கண்டுபிடிக்க முடியாது. முதல் மூச்சில் வெளியே வருவது நம்முடைய சரக்கு அல்ல. சினிமாவில் பார்த்தது, மேடையில் கேட்டது, தொடர்கதையில் படித்தது எல்லாம் வாசலிலேயே காத்துக்கொண்டிருக்கும். கதவைத் திறந்ததும் அவைதான் முதலில் ஓடிவரும். நம்முடையது உள்ளறையில் இருக்கிறது. அதைப் போய்க் கூப்பிட வேண்டும்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. சிறுவயதிலிருந்தே நமக்கு ஊட்டி வளர்த்த கதைகள் அப்படி. கம்பர் ஒரே ராத்திரியில் நூற்றுக்கணக்கான பாட்டு எழுதினார் என்று கேட்டு வளர்ந்தோம். காளமேகப் புலவர் வாயைத் திறந்தால் பாட்டு கொட்டும் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்தார்கள். சினிமாப் பாட்டு எழுதுகிறவர்கள் பேட்டியில், மெட்டைக் கேட்டேன், பத்து நிமிஷத்தில் எழுதிக் கொடுத்தேன் என்கிறார்கள். அதை உட்கார்ந்து பார்த்த பிள்ளை, பத்து நிமிஷத்தில் வராதது கலை இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறது.

ஆனால் அதே மரபு சொன்ன மற்றதை ஏன் மறந்தோம்? புலவர்களை நாலு வகையாகப் பிரித்தார்கள்: ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம். கொடுத்த பொருளில் நின்ற இடத்தில் பாடுகிறவர் ஆசுகவி. நாலில் அவர் ஒருவர், அவ்வளவுதான். மற்ற மூன்று பேருக்கும் நின்ற இடத்தில் பாடவேண்டிய அவசியமே இல்லை. அதோடு, எழுதி முடித்ததும் நூல் ஆகிவிட்டது என்று நம் முன்னோர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. அரங்கேற்றம் என்று ஒன்று வைத்தார்கள். தொல்காப்பியத்தின் பாயிரமே, நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் குற்றமறக் கேட்ட பிறகே அந்த நூல் வெளிப்பட்டதாகச் சொல்கிறது. கேட்கிறவர் குறுக்கே கேள்வி கேட்பார். எழுதியவர் பதில் சொல்ல வேண்டும். பதில் இல்லையென்றால் மாற்ற வேண்டும். இதுதான் நம் வழக்கம்.

ஆரணிக்காரர்களுக்கு இதைவிடப் பக்கத்தில் ஒரு கதை இருக்கிறது. காஞ்சிபுரத்துக்கு வேலையாகப் போகிறவர்கள் குமரகோட்டத்துக்கும் ஒரு நடை போய்வருவது உண்டு. அங்கேதான் கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணம் எழுதினார் என்பது வரலாறாகவும் ஐதிகமாகவும் சொல்லப்படுவது. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாட்டு. தினம் நூறு பாட்டு எழுதி, ஏட்டை முருகன் சன்னதியில் வைத்துவிட்டு நடை சாத்துவாராம். மறுநாள் காலையில் எடுத்துப் பார்த்தால் திருத்தங்கள் இருக்குமாம். ஐதிகம்தான், நடந்ததா என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் அந்த ஐதிகத்தைக் கட்டிய மனசைப் பாருங்கள். ஒரு பெரிய நூலுக்குக் கடவுள் செய்த உதவி என்று சொல்ல நினைத்த ஜனங்கள், முருகன் பாட்டை வாயில் ஊற்றினான் என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. ராத்திரி உட்கார்ந்து திருத்தினான் என்றார்கள். குமரகோட்டத்து முருகனைக் கும்பிட்டுவிட்டு வந்து, திருத்தினால் உயிர் போய்விடும் என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

ஐதிகம் வேண்டாம், அச்சில் இருப்பதைக் காட்டு என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. ஒரே மூச்சு வாதம் பேசுகிறவர்கள் எல்லோரும் புதுமைப்பித்தன் பெயரைத்தான் முதலில் எடுப்பார்கள். ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து 2000-ல் வந்த புதுமைப்பித்தன் கதைகள் செம்பதிப்பை நூலகத்தில் எடுத்துப் பாருங்கள். பின்பக்கத்தில் பாடவேறுபாடுகள் என்று இருக்கும். இதழில் வந்த வடிவம் ஒன்று, புத்தகத்தில் வந்த வடிவம் ஒன்று என்று எடுத்துக் காட்டியிருப்பார். அந்தப் பக்கங்களை யாரும் புரட்டுவதில்லை. நான் மெய்ப்புத் திருத்துகிறவன், எனக்கு அவைதான் முதலில் கண்ணில் படும். இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். 42 வயதில் இறந்துபோன அந்த மனிதர் சொந்தக் கதைகளோடு, பிற நாட்டுக் கதைகளையும் டஜன் கணக்கில் மொழிபெயர்த்தார், பத்திரிகை ஆபீசில் தினமும் எழுதிக் குவித்தார். அவர் வேகமாக எழுதினார் என்றால் அந்த வேகத்துக்குப் பின்னால் அவ்வளவு உழைப்பு. அதைச் சொல்லாமல் வேகத்தை மட்டும் சொல்வது பாதிப் பொய்.

வெளிநாட்டில் ஹெமிங்வே 1929-ல் வெளியிட்ட ‘எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்’ நாவலின் கடைசிப் பக்கத்தை முப்பத்தொன்பது தடவை எழுதியதாக ஒரு பேட்டியில் சொன்னார். மிகைப்படுத்துகிறார் என்றுகூடச் சிலர் நினைத்திருப்பார்கள். 2012-ல் அந்த நாவலை மறுபதிப்பு செய்தபோது, அவருடைய காகிதங்களிலிருந்து எடுத்த 47 முடிவுகளைப் பின்னிணைப்பாகப் போட்டார்கள். சொன்னதைவிட அதிகமாகவே எழுதியிருக்கிறார். இங்கே, க்ரியா ராமகிருஷ்ணன் 1974-ல் தொடங்கிய பதிப்பகம் பிரதியைச் செம்மைப்படுத்துவதையே தன் அடையாளமாக்கிக்கொண்டது. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’, பூமணியின் ‘அஞ்ஞாடி’ இரண்டும் அங்கிருந்து வந்தவை. இவற்றில் எதற்கு உயிர் இல்லை?

போன மார்கழியில் ஒரு பெண் வந்தாள். பி.காம். இரண்டாம் வருஷம். ஆரணிக்குப் பக்கத்து ஊர், அப்பா குழித்தறியில் பட்டு நெய்கிறவர். ‘கறை’ என்று ஒரு கதை. நெய்துகொண்டிருந்த சேலையில் எண்ணெய்க் கறை பட்டுவிடுகிறது, முதலாளி கூலியில் பிடித்துவிடுகிறார். இவ்வளவுதான் விஷயம். அவள் எழுதியிருந்தது இப்படித் தொடங்கியது: “வறுமையின் கோரப்பிடியில் சிக்கித் தவித்தது அந்தக் குடும்பம். தந்தையின் வியர்வை ஆறாய் ஓடியது. ஆனால் முதலாளியின் கல்நெஞ்சு கரையவில்லை.”

நான் எதையும் அடிக்கவில்லை. கேள்வி மட்டும் கேட்டேன். கறை எவ்வளவு பெரிசு? “ஒத்த ரூபா அளவு சார்.” எந்த இடத்தில்? “முந்தியில.” எப்படிப் பட்டது? “தம்பி எண்ணக் கையோட வந்து தொட்டுட்டான்.” அப்பா என்ன செய்தார்? கொஞ்ச நேரம் யோசித்தாள். “ஒண்ணும் சொல்லல. மூஞ்சிக்குப் போடற பவுடர எடுத்தாந்து கறை மேல தூவினாரு. எண்ணைய இழுத்துக்கும்னு. தூவிட்டு கொஞ்ச நேரம் அப்பிடியே பாத்துக்கினு இருந்தாரு.” அம்மா? “தார் சுத்திக்கினு இருந்தாங்க. ராட்டைய நிறுத்தல.”

இதில் ஒன்றுகூடக் கதையில் இல்லை. பவுடர் இல்லை, ராட்டை இல்லை, ஒற்றை ரூபாய் அளவு இல்லை. கோரப்பிடியும் கல்நெஞ்சும் இருந்தன. இப்போது என்னிடம் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு வா என்று அனுப்பினேன். திருத்தினால் ஜீவன் போய்விடும் என்று யாரோ ஒரு பேச்சாளர் கல்லூரி விழாவில் சொன்னதாக அவளும் சொன்னாள். எழுதிப் பார்த்துவிட்டு அப்புறம் பேசு என்றேன்.

பத்து நாள் கழித்து வந்தாள். பவுடரும் ராட்டையும் உள்ளே வந்திருந்தன. கதை நன்றாக இருந்தது, ஆனால் சாட்சி சொல்வது போல இருந்தது. யார் இதைச் சொல்கிறார்கள், நீ அப்போது எங்கே இருந்தாய் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் பிரதியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். கோபம் என்றுதான் நினைத்தேன்.

பொங்கல் கழிந்து மூன்றாவது பிரதி வந்தது. முதல் வரி: “அன்றைக்குத் தம்பிக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டது நான்தான்.”

அதற்கு மேல் நான் பென்சிலைத் தொடவில்லை. இரண்டாம் பக்கத்தில் தம்பி அடிவாங்குகிறான். அவன் அக்காவைக் காட்டிக்கொடுக்கவில்லை. முதலாளி கதையில் மூன்று வரிதான் வருகிறார். கல்நெஞ்சுக்காரராக அல்ல, கறையை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுக்கிற மனிதராக. இதை ஏன் முதலிலேயே எழுதவில்லை என்று கேட்டேன். “மொதல்ல எழுதும்போது அது ஞாபகத்துலயே வரல சார்” என்றாள். முதல் பிரதியில் இல்லாத உயிர் மூன்றாவதில் வந்து உட்கார்ந்திருக்கிறது. உயிர் போகும் என்கிறவர்கள் வந்து அந்த மூன்று பிரதிகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கட்டும்.

நெசவையும் எழுத்தையும் ஒப்பிட்டு மேடையில் பேசுகிறவர்களையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். பாவும் ஊடையும் போல எழுத்து என்று அழகாகச் சொல்கிறார்கள். கைதட்டு கிடைக்கிறது. தறியில் உட்கார்ந்தவருக்குத் தெரியும், இரண்டும் ஒன்றல்ல என்று. நெய்கிறவர் கண்முன்னால் இருப்பது இரண்டு மூன்று சாண் துணிதான். நெய்தது மரத்தில் சுருண்டுகொண்டே போகும். ஊடை தப்பியதை உடனே பார்த்தால் அறுத்து உருவி எடுத்துவிட்டு மறுபடி நாடா ஓட்டலாம். ஒரு முழம் சுருண்ட பிறகு பார்த்தால் பார்த்ததுதான். என் அப்பா ராத்திரி சாப்பிடும்போது எழுந்துபோய் விளக்கைப் பிடித்துக்கொண்டு அன்று நெய்த இடத்தைக் குனிந்து பார்ப்பார். அந்தப் பயம் எழுத்தில் கிடையாது. முதல் வரியில் செய்த தப்பை முந்நூறாம் பக்கத்தில் இருந்துகொண்டு பிரிக்கலாம். பாவையே மாற்றலாம். சாயத்தை மாற்றலாம். காகிதம் கிழிபட்டால் யாரும் கூலி பிடிக்கப்போவதில்லை. தறிக்காரருக்குக் கிடைக்காத இந்தச் சலுகையைக் கையில் வைத்துக்கொண்டு, வேண்டாம் என்று சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை.

எப்படித் திருத்துவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். எழுதி முடித்ததும் இரண்டு வாரம் கண்ணில் படாமல் வையுங்கள். அப்புறம் வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டுகிற இடத்தில் வாக்கியம் தப்பு, வாய் கூசுகிற இடத்தில் வார்த்தை பொய். முதல் பக்கத்தை மூடிவிட்டு இரண்டாம் பக்கத்திலிருந்து கதை புரிகிறதா பாருங்கள். பத்தில் ஏழு கதைக்குப் புரியும். வறுமை, சோகம், ஏக்கம், தவிப்பு என்று பெயர் மட்டும் சொல்கிற வார்த்தைகளைச் சுழித்து வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் பதிலாக அன்றைக்கு வீட்டில் யார் என்ன செய்தார்கள் என்று எழுதுங்கள். பிழை திருத்தம் கடைசியில்தான். ஒற்றுப்பிழை பார்த்துவிட்டுத் திருத்தி முடித்தேன் என்று வருகிறார்கள். அது வெள்ளையடிப்பது. நான் சொல்வது சுவரை இடித்துக் கட்டுவது.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு நேரம் செலவழிக்க வேண்டாம்.

எழுத்தாளன் ஆக சென்னைக்குப் போகவேண்டும் என்கிறார்கள். கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவல் என்ற சின்ன ஊர் இரண்டு சாகித்ய அகாதெமி விருது வாங்கியிருக்கிறது. 1970-ல் கு. அழகிரிசாமி, 1991-ல் கி. ராஜநாராயணன். அழகிரிசாமி சென்னைக்குப் போனவர்தான், ஆனால் நெஞ்சில் இடைசெவலை எடுத்துக்கொண்டு போனார். கி.ரா. விவசாயம் பார்த்துக்கொண்டு ஊரில் இருந்தே எழுதினார். முப்பது வயது தாண்டித்தான் எழுதவே வந்தார், வயசாகிவிட்டது என்று புலம்புகிறவர்களும் கேட்டுக்கொள்ளட்டும்.

நெசவில் எழுத என்ன இருக்கிறது என்று நெசவாளர் பிள்ளைகளே கேட்பதுதான் எனக்கு வருத்தம். தொ.மு.சி. ரகுநாதன் கைத்தறி நெசவாளர் பட்ட பாட்டை 1953-லேயே ‘பஞ்சும் பசியும்’ என்று எழுதினார், அது செக் மொழிக்குப் போனது. எம்.வி. வெங்கட்ராம் கும்பகோணத்துக்காரர், ஜரிகை வியாபாரம் பார்த்தவர். பதினாறு வயதில் ‘மணிக்கொடி’யில் கதை எழுதியவர். அவருடைய ‘வேள்வித் தீ’ பட்டு நெசவு செய்கிற சௌராஷ்டிரக் குடும்பங்களின் கதை. எம். கோபாலகிருஷ்ணனின் ‘அம்மன் நெசவு’ இருக்கிறது. அப்படியானால் எல்லாம் எழுதி முடித்துவிட்டார்களே என்று அடுத்த கேள்வி வரும். கும்பகோணத்தை எழுதினால் ஆரணியை எழுதியதாகுமா?

பத்திரிகைக்கு அனுப்பினால் கதையைத் திருடிவிடுவார்கள் என்று பயந்து பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார்கள். 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் எழுதிய அந்த நிமிஷமே உரிமை உங்களுடையது. பதிவு செய்தால்தான் உண்டு என்பதில்லை. உங்கள் ஆயுள் முழுக்க, அதற்கு மேல் அறுபது வருஷம் அது நிற்கும். அந்த உரிமை எழுதிய வடிவத்துக்குத்தான், வெறும் யோசனைக்கு இல்லை. கறைபட்ட சேலை என்ற யோசனை யாருக்கும் வரலாம். பவுடர் தூவிய அப்பா அந்தப் பெண்ணுக்கு மட்டும்தான் வருவார்.

நிறையப் படித்தால் அடுத்தவர் நடை ஒட்டிக்கொள்ளும் என்பது படிக்கச் சோம்பல்படுகிறவர்கள் கண்டுபிடித்த சாக்கு. ஒட்டட்டும். நாலு பேர் நடை ஒட்டினால் ஒன்றை ஒன்று கழுவிவிடும். ஒன்றும் படிக்காதவருக்கு டிவி சீரியல் நடைதான் ஒட்டுகிறது.

பணம் கட்டினால்தான் புத்தகம் வரும் என்று நம்பி, அம்மாவின் சங்கிலியை அடகு வைத்தவரை எனக்குத் தெரியும். ஐந்நூறு பிரதி வீட்டுப் பரணில் கிடக்கிறது. பணம் கேட்கிறவர் பதிப்பாளர் இல்லை, அச்சடித்துத் தருகிறவர். அந்தக் காசுக்கு ஒரு வருஷம் சிற்றிதழ்களுக்குச் சந்தா கட்டி, எந்த இதழ் எந்த மாதிரிக் கதை போடுகிறது என்று பார்த்து அனுப்புங்கள். திரும்பி வந்தால் திருத்தி மறுபடி அனுப்புங்கள்.

இனி நான் விடாமல் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். இதற்காகத்தான் இந்தப் பத்தியை எழுத ஒப்புக்கொண்டேன் என்றும் சொல்லலாம். என்னிடம் வருகிற கதைகளில் தறி என்று வருவதே அபூர்வம். ‘நெசவு இயந்திரம்’ என்று எழுதுகிறார்கள். தார் சுற்றுகிற அம்மாவை ‘நூல் நூற்றாள்’ என்று எழுதுகிறார்கள். தார் சுற்றுவது வேறு, நூல் நூற்பது வேறு. அம்மா பக்கத்தில் இருக்கும்போதே அவள் செய்கிற வேலையின் பெயர் பிள்ளைக்குத் தெரியவில்லை. கி.ரா. கரிசல் பேச்சுக்குச் சொல்லகராதி தொகுத்தார். பெருமாள்முருகன் கொங்கு வட்டாரத்துக்குத் தொகுத்தார். இரண்டு பேரும் நாவலாசிரியர்கள் என்பதைக் கவனியுங்கள். சொல்லைச் சேர்ப்பது அவர்களுக்குக் கதைக்கு வெளியே உள்ள வேலை இல்லை. ஆரணித் தறிச் சொற்களை யார் தொகுப்பது? விசைத்தறிச் சத்தம் தெருவுக்குத் தெரு பெருகிவருகிறது, குழிகளை மூடிச் சிமெண்டு பூசுகிறார்கள். குழி மூடினால் மிதிப்பலகை என்ற சொல்லும் அதோடு மூடிவிடும். விழுது, அச்சு, நாடா, பாவு பிணைப்பது, கோர்வை போடுவது, ஒவ்வொன்றுக்கும் நம் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் நாலு கிளைச்சொல் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே கதை எழுத ஆசைப்படுகிற பிள்ளைகளே, நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாட்டி பக்கத்தில் உட்காருங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு சொல். என்ன அர்த்தம், எந்தத் தறியில், எந்த ஊரில், யார் சொன்னது, என்ன தேதி. பாட்டி அந்தச் சொல்லை வைத்துத் திட்டியிருந்தால் அந்தத் திட்டையும் எழுதுங்கள். ‘கறை’ எழுதிய பெண் தொடங்கிவிட்டாள். அவளுடைய நோட்டில் போன வாரம் வரை அறுபத்திரண்டு சொல். அதில் ஒன்பது எனக்கே தெரியாதவை.